முதுகுவலிக்காரப் பெண் தொடங்கிய ஆட்டம்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் நார்தாம்ப்டன் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே ஸ்மித் கல்லூரி இருக்கிறது. பெண்களுக்கென்றே ஏற்பட்ட கல்லூரி அது.

1893-ம் ஆண்டு மார்ச் மாதம் 22-ந் தேதி. அந்தக் கல்லூரியின் தேகப்பயிற்சிக் கூடத்தில் கால் வைக்க இடம் இல்லை. எங்கு பார்த்தாலும் மாணவிகள். பாட்டு, கைதட்டல், கூச்சல்! கூடத்துக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை. காரணம், ஆட வந்த பெண்கள் அன்று தரையைப் பெருக்கும் நீண்ட பாவாடை அணியவில்லை. முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிய தொளதொளப்பான கால்சட்டை அணிந்திருந்தார்கள். அந்த உடையில் குலப்பெண்களை அன்னிய ஆண்கள் பார்ப்பதா? அந்தக் காலத்தில் அது நடக்காத காரியம்.

ஒரு பக்கம் முதல் ஆண்டு மாணவிகள். மறுபக்கம் இரண்டாம் ஆண்டு மாணவிகள். நடுவில் கையில் பந்தோடு ஓர் ஆசிரியை நின்றார். அவருக்கு வயது 25. பந்தை மேலே எறிந்தார். எறிந்த வேகத்தில் அவருடைய கை, பந்தைப் பிடிக்கக் கையை உயர்த்திய ஒரு பெண்ணின் கைமீது மோதிவிட்டது. அந்தப் பெண்ணின் தோள்மூட்டு நழுவிவிட்டது!

ஆட்டம் தொடங்கிய கணத்திலேயே இப்படி ஒரு விபத்து. வேறு யாராவது இருந்தால் பெண்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று கூடத்தைப் பூட்டியிருப்பார்கள். ஆசிரியை அப்படிச் செய்யவில்லை. காயம்பட்ட பெண்ணை அலுவலக அறைக்குக் கொண்டுபோனார்கள். மூட்டை இழுத்துச் சரியான இடத்தில் பொருத்தினார்கள். வேறு ஒரு பெண் அவளுடைய இடத்துக்கு வந்தாள். ஆட்டம் தொடர்ந்து நடந்தது. முடிவில் இரண்டாம் ஆண்டு மாணவிகள் 5-4 என்ற கணக்கில் வென்றார்கள்.

பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் போட்டி என்று வரலாறு குறித்து வைத்திருப்பது இந்தப் போட்டியைத்தான். பந்தை எறிந்த ஆசிரியையின் பெயர் செண்டா பெரன்சன். பெண்கள் கூடைப்பந்தின் தாய் என்று பிற்காலத்தில் புகழப்பட்டவர். ஆனால் இந்தப் போட்டிக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவரால் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிமிர்ந்து நிற்க முடியாது!

தெருத்தெருவாகப் பாத்திரம்

செண்டா அமெரிக்காவில் பிறந்தவர் அல்ல. லிதுவேனியா நாட்டில், வில்னா நகரத்துக்குப் பக்கத்தில், பூட்ரிமோனிஸ் என்ற சிற்றூரில் 1868-ம் ஆண்டு மார்ச் 19-ந் தேதி பிறந்தார். அப்போது லிதுவேனியா ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. செண்டாவின் பெற்றோர் யூதர்கள்.

அங்கே பிழைப்பு நடத்த முடியாமல் தந்தை முதலில் கப்பல் ஏறினார். பாஸ்டன் நகரம் போய்ச் சேர்ந்தார். வால்வ்ரோஜென்ஸ்கி என்ற குடும்பப் பெயர் அமெரிக்கர் வாயில் நுழையவில்லை. அதைப் பெரன்சன் என்று மாற்றிக்கொண்டார். 1875-ல் மனைவி மக்களையும் வரவழைத்துக்கொண்டார். அப்போது செண்டாவுக்கு ஏழு வயது.

பாஸ்டனில் தந்தை செய்த தொழில் பாத்திர வியாபாரம். வண்டியில் சட்டிபானைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். கிடைத்த காசில் குடும்பம் நடந்தது. ஆனால் வீட்டில் புத்தகத்துக்கு மட்டும் பஞ்சம் இல்லை. மூத்த மகன் பெர்னார்டு பெரிய படிப்பாளி. ஹார்வர்டு சர்வகலாசாலையில் படித்துவிட்டு ஐரோப்பாவுக்குப் போனார். பழைய இத்தாலிய ஓவியங்களைப் பற்றி அவர் சொன்னதே தீர்ப்பு என்று உலகமே ஏற்கும் அளவுக்கு உயர்ந்தார்.

தங்கை செண்டாவின் கதை வேறு. சிறு வயதிலிருந்தே நோஞ்சான். முதுகுவலி தீராத வலி. பள்ளிப் படிப்பு விட்டு விட்டுத்தான் நடந்தது. சங்கீதத்தில் ஆசை வந்தது. பியானோ கற்றுக்கொள்ளச் சங்கீதப் பள்ளியில் சேர்ந்தார். நீண்ட நேரம் நிமிர்ந்து உட்கார்ந்து வாசிக்க முதுகு இடம் கொடுக்கவில்லை. பியானோவும் போயிற்று.

வெறுத்த பள்ளிக்கூடம்

அந்தச் சமயத்தில்தான் பாஸ்டனில் ஒரு புதுப் பள்ளி திறந்திருந்தது. மேரி ஹெமன்வே என்ற பணக்காரச் சீமாட்டியின் உதவியால், தேகப்பயிற்சி ஆசிரியைகளைத் தயார் செய்வதற்காக 1889-ல் ஏற்பட்ட பள்ளி. அதை நடத்தியவர் ஏமி மோரிஸ் ஹோமன்ஸ் என்ற கண்டிப்பான அம்மையார். சுவீடன் நாட்டு முறைப்படி அங்கே உடற்பயிற்சி கற்பித்தார்கள்.

1890-ல் செண்டா அங்கே சேர்ந்தார். ஆசிரியை ஆக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. உடம்பு கொஞ்சம் தேறினால் மறுபடி பியானோ வாசிக்கலாம் என்ற நப்பாசைதான்!

முதல் சில மாதங்கள் நரக வேதனை. மிகச் சாதாரணமான பயிற்சிகூட அவருக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றால் முதுகு விண் விண்ணென்று வலிக்கும். உடனே தரையில் விரித்த மெத்தையில் போய்ப் படுத்துக்கொள்வார். மற்ற மாணவிகள் பயிற்சி செய்வதைப் படுத்தபடியே பார்ப்பார். அந்தப் பள்ளியை மனதார வெறுத்தார். ஹோமன்ஸ் அம்மையார் விடவில்லை. இன்றைக்கு ஒரு நிமிடம், நாளைக்கு இரண்டு நிமிடம் என்று பயிற்சி ஏறிக்கொண்டே போயிற்று.

பிறகு ஒரு நாள் வலி குறைந்திருப்பது தெரிந்தது. தானாக நிற்க முடிந்தது, நடக்க முடிந்தது, ஓடவும் முடிந்தது. ஆயுளில் முதன்முறையாகச் செண்டாவுக்குத் தன் உடம்பு பாரமாக இல்லை. அதற்குப் பிறகு பியானோவைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. தனக்குக் கிடைத்தது மற்றப் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது.

இந்த எண்ணத்தை லேசாக எடைபோட்டுவிடக் கூடாது. அந்தக் காலத்தில் டாக்டர்களே பெண்கள் படிப்புக்கு எதிரிகளாக இருந்தார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த எட்வர்டு கிளார்க் என்ற டாக்டர் 1873-ல் ஒரு புத்தகமே எழுதினார். பெண்கள் ஆண்களைப்போல் படித்தால் உடல் கெடும், பிள்ளை பெறும் சக்தி போய்விடும் என்பது அவருடைய வாதம். படித்த குடும்பங்களே இதைக் கேட்டுப் பயந்தன. ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம், மூச்சு வாங்க வேண்டாம் என்று பெண்களை வளர்த்தார்கள். இடுப்பில் இறுக்கமான கச்சை வேறு. அப்படி வளர்ந்த பெண் சோகையாக இருந்தால், பார்த்தீர்களா, பெண் என்றாலே பலவீனம்தான் என்றார்கள்!

மரக்கூடையும் பந்தும்

1892 ஜனவரியில் ஸ்மித் கல்லூரியில் ஒரு வேலை காலி இருந்தது. செண்டா போய்ச் சேர்ந்தார். சுவீடன் முறைப் பயிற்சியைக் கற்பித்தார். கையைத் தூக்கு, இறக்கு, குனி, நிமிர் என்று நாள்தோறும் ஒரே மாதிரி. மாணவிகளுக்கு அலுத்துப்போயிற்று. உடம்புக்கு நல்லது என்பதற்காக யார் தினமும் கஷாயம் குடிப்பார்கள்?

அப்போது ஒரு பத்திரிகைக் கட்டுரை செண்டாவின் கண்ணில் பட்டது. நார்தாம்ப்டனிலிருந்து சுமார் 20 மைல் தூரத்தில் ஸ்பிரிங்பீல்டு நகரம். அங்கே கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே ஆட ஒரு புது ஆட்டம் கண்டுபிடித்திருந்தார். 1891 டிசம்பரில், பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகளைப் பத்து அடி உயரத்தில் ஆணி அடித்து மாட்டினார். பந்தைக் கூடைக்குள் போட வேண்டும். அவ்வளவுதான் கூடைப்பந்து! கூடைக்கு அடிப்பாகம் இருந்ததால், ஒவ்வொரு தடவை பந்து விழுந்ததும் ஏணி வைத்து ஏறி எடுத்தார்கள்.

(இதே ஸ்பிரிங்பீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார்.)

நெய்ஸ்மித் ஆண்களுக்காகக் கண்டுபிடித்த ஆட்டம் அது. பெண்கள் ஆடினால் என்ன என்று செண்டா யோசித்தார். நெய்ஸ்மித்தைப் போய்ப் பார்த்து விவரம் கேட்டுக்கொண்டார். கூடத்தில் கூடைகளை மாட்டினார். அன்று வரை சோம்பிக் கிடந்த மாணவிகள் பந்தைக் கண்டதும் பாய்ந்தார்கள். அதன் பிறகு வந்ததுதான் தொடக்கத்தில் சொன்ன அந்த 5-4 போட்டி.

தரையில் இரண்டு கோடுகள்

மாணவிகளின் உற்சாகத்தைக் கண்டு செண்டாவுக்குச் சந்தோஷம். கூடவே கவலை. ஆட்டம் சூடு பிடித்தால் பெண்களும் ஆண்களைப்போலவே முட்டுகிறார்கள், மோதுகிறார்கள், பந்தைப் பிடுங்குகிறார்கள்! யாராவது பலமாக அடிபட்டால் போதும். டாக்டர் கிளார்க்கின் சீடர்களுக்கு வாய்ப்புக் கிடைத்துவிடும். ஆட்டமே நின்றுபோகும்.

ஆகையால் அவர் விதிகளை மாற்றினார். ஆடுகளத்தின் குறுக்கே இரண்டு கோடுகள் போட்டு, அதை மூன்று பாகமாகப் பிரித்தார். எந்தப் பாகத்தில் நிற்கிறாளோ அந்தப் பாகத்தை விட்டு ஒரு பெண் வெளியே போகக் கூடாது. எதிரியின் கையிலிருந்து பந்தைப் பிடுங்கக் கூடாது. மூன்று விநாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாது. மூன்று தடவைக்கு மேல் தரையில் தட்டக் கூடாது.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. ஒரே ஒரு கெட்டிக்காரி களம் முழுவதும் ஓடி எல்லாப் பந்தையும் தானே போட முடியாது. ஒருத்தி அடுத்தவளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். சீக்கிரம் மூச்சு வாங்குகிற பெண்ணுக்கும் அணியில் இடம் கிடைத்தது. மெத்தையில் படுத்தபடி மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்த செண்டா, அப்படிப்பட்ட பெண்களை மறந்துவிடுவாரா?

ஆனால் மறுபக்கமும் உண்டு. தன் பக்கத்துக் கூடையைக் காக்க நின்ற பெண், வருடக்கணக்கில் ஆடினாலும் ஒரு தடவைகூட எதிர்ப்பக்கத்துக் கூடையில் பந்து போட முடியாது. கோடு அவளைத் தடுத்தது.

சம ஊதியத்துக்கு வழி

ஆட்டம் காட்டுத்தீபோல் பரவிற்று. கலிபோர்னியாவில் 1896 ஏப்ரல் 4-ந் தேதி ஸ்டான்போர்டு மாணவிகளும் பெர்க்லி மாணவிகளும் மோதினார்கள். இரண்டு சர்வகலாசாலைகளின் பெண்களுக்கு இடையே நடந்த முதல் போட்டிகளில் அது ஒன்று. ஸ்டான்போர்டு 2-1 என்று வென்றது. அங்கேயும் ஆண்கள் உள்ளே வரக் கூடாது!

ஊருக்கு ஒரு விதியாகப் பெண்கள் ஆடினார்கள். ஒரு கல்லூரியில் கோடு உண்டு; இன்னொன்றில் இல்லை. குழப்பத்தைத் தீர்க்க 1899-ல் ஸ்பிரிங்பீல்டில் கூட்டம் கூடியது. குழு ஒன்று அமைத்தார்கள். செண்டாவின் விதிகளே பெரும்பாலும் பொது விதிகள் ஆயின. ஸ்பால்டிங் கம்பெனியின் வெளியீடாக வந்த பெண்கள் கூடைப்பந்து விதிப் புத்தகத்தைப் பல ஆண்டுகள் அவர்தான் தொகுத்தார். விதிக் குழுவுக்கு 1905 முதல் 1917 வரை தலைவராகவும் இருந்தார்.

அந்தப் புத்தகத்தில் அவர் எழுதிய ஒரு விஷயம் இன்றைக்குப் படித்தாலும் ஆச்சரியம் தருகிறது. பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்து வேலை பார்க்கத் தொடங்கிய காலம் அது. ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம். ஏன் என்று கேட்டால், பெண்கள் அடிக்கடி நோயில் விழுகிறார்கள் என்று முதலாளிகள் காரணம் காட்டினார்கள். சமமான சம்பளம் வேண்டுமானால் பெண்கள் இந்தச் சாக்கை ஒழிக்க வேண்டும், உடம்பைத் திடமாக்கிக்கொள்ள வேண்டும் என்று செண்டா எடுத்துக் காட்டினார். பொழுதுபோக்குக்காக மட்டும் அவர் மாணவிகளின் கையில் பந்தைக் கொடுக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். தம் மாணவிகளை வேறு கல்லூரிகளோடு மோத விட அவருக்கு விருப்பம் இல்லை. வெற்றி வெறி வந்தால் விளையாட்டு கெட்டுவிடும் என்பது அவருடைய கட்சி. ஸ்மித் கல்லூரியில் வகுப்புக்கு வகுப்பு போட்டி நடக்கும். அது ஆண்டுதோறும் திருவிழா மாதிரி. கல்லூரிச் சுவருக்கு வெளியே போகாது. பெண்களுக்குக் கதவைத் திறந்தவரே வாசற்படியில் நின்று, இதற்கு மேல் போகாதே என்று சொன்ன மாதிரிதான்.

கல்யாணம்

கூடைப்பந்தோடு அவர் நிற்கவில்லை. வாள்வீச்சுப் பயிற்சியைக் கொண்டுவந்தார். 1897-ல் சுவீடனுக்கே போய், ஸ்டாக்ஹோம் நகரத்துத் தேகப்பயிற்சிக் கழகத்தில் மேல்படிப்புப் படித்தார். 1901-ல் இங்கிலாந்திலிருந்து வந்த கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீ என்ற பெண்மணியைக் கொண்டு தம் மாணவிகளுக்கு ஹாக்கி கற்றுக்கொடுத்தார். நாட்டுப்புற நடனங்களும் கல்லூரிக்குள் வந்தன. கூன் விழுந்தவர்கள், முதுகு பலவீனமானவர்கள் ஆகியோருக்குத் தனிப் பயிற்சியும் கொடுத்தார்.

1911-ல் அதே கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் ஹெர்பர்ட் வான் அபட் என்பவரை மணந்துகொண்டார். அப்போது செண்டாவுக்கு வயது 43. மணமானதும் கல்லூரி வேலையை விட்டார். பத்தொன்பது ஆண்டு உழைப்பு அத்தோடு முடிந்தது. ஆனால் அதே ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில் 1921 வரை தேகப்பயிற்சியை நடத்தினார். இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் பெரிய மாளிகையில் வாழ்ந்த அண்ணனைப் பார்க்கக் கடல் தாண்டிப் போய் வந்தார். பாத்திர வியாபாரியின் பிள்ளைகள் இருவரும் இப்படி ஆனார்கள்.

1929-ல் கணவர் காலமானார். செண்டா கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா நகரத்துக்குக் குடிபோனார். 1954 பிப்ரவரி 16-ந் தேதி அங்கே இறந்தார். அப்போது வயது 85. ஐந்து நிமிடம் நிற்க முடியாதவர் என்று சொன்னோமே, அவருக்குத்தான் இந்த ஆயுள்!

கோடுகள் அழிந்தன

அவர் போட்ட கோடுகள் அவரைவிட நீண்ட நாள் வாழ்ந்தன. 1938-ல் மூன்று பாகம் இரண்டு பாகமாகியது. ஒரு பக்கம் ஆறு பேர். அப்போதும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. 1971-ல்தான் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள், பக்கத்துக்கு ஐந்து பேராகக் களம் முழுவதும் ஓடி ஆடும் விதி நிலைபெற்றது. சில மாகாணங்களின் பள்ளிகளில் பழைய ஆட்டம் பிறகும் நடந்தது. ஐயோவாவில் 1993 வரை, ஓக்லஹோமாவில் 1995 வரை பள்ளிப் பெண்கள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று ஆடினார்கள்.

இடையில் வேறு ஒரு வேடிக்கையும் நடந்தது. வேடிக்கை என்று சொல்வதா, வேதனை என்று சொல்வதா? மிசிசிப்பி மாகாணத்தில் டெல்டா கல்லூரியில் மார்கரெட் வேட் என்ற பெண் நன்றாகக் கூடைப்பந்து ஆடினாள். 1930-களின் தொடக்கத்தில், பெண்களுக்கு இந்த முரட்டு ஆட்டம் கூடாது என்று கல்லூரி திடீரென்று அணியையே கலைத்துவிட்டது. பெண்கள் அழுதார்கள். தங்கள் விளையாட்டு உடைகளைத் தீயில் போட்டுக் கொளுத்தினார்கள். எந்தப் பழிக்குப் பயந்து செண்டா கோடு போட்டாரோ, அந்தப் பழி கோடு இருந்தும் வந்து சேர்ந்தது!

1972-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அரசாங்கப் பணம் பெறும் கல்விக்கூடங்களில் ஆண், பெண் என்று வேற்றுமை காட்டக் கூடாது என்றது அந்தச் சட்டம். 1973-ல் டெல்டா கல்லூரியில் பெண்கள் அணி மறுபடி உயிர் பெற்றது. அதற்குப் பயிற்சியாளராக யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? அதே மார்கரெட் வேட் அம்மையாரைத்தான். அவருக்கு அப்போது வயது 60. அவருடைய அணி 1975, 1976, 1977 என்று வரிசையாக மூன்று ஆண்டுகள் தேசியப் பட்டத்தை வென்றது.

ஸ்பிரிங்பீல்டில், நெய்ஸ்மித் பெயரால் கூடைப்பந்துப் புகழ் மண்டபம் ஒன்று இருக்கிறது. பெரும் ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்களின் பெயர்களை அங்கே பொறிப்பார்கள். 1985 வரை அதில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. அந்த ஆண்டுதான் மூன்று பெண்களைச் சேர்த்தார்கள். ஒருவர் ஓக்லஹோமா பள்ளிப் பெண்களுக்கு ஆறு பேர் ஆட்டத்தைக் கற்பித்துப் புகழ்பெற்ற பெர்த்தா டீக். இன்னொருவர் மார்கரெட் வேட். மூன்றாமவர், இறந்து 31 ஆண்டுகள் ஆகிவிட்ட செண்டா பெரன்சன்.